கையில் பந்து இல்லாதபோது

"நாளையில இருந்து பந்த நீங்க கொண்டுபோக வேண்டாம்" என்று பயிற்சியாளர் சொன்னபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. கல்லூரி முடிந்து, கல்யாணமாகி, பத்து வருடத்துக்கு மேல் கூடைப்பந்தைத் தொடாமலே இருந்துவிட்டு, மறுபடி மைதானத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ராஜபாளையத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து மாலை ஆறரை மணிக்கு ஆடிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் ஆசிரியைகள், ஒருத்தி மில் அலுவலகத்தில் இருந்தாள், இன்னொருத்தி தையல் கடை வைத்திருந்தாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் நகல் பிரிவுத் தட்டச்சர். வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நேராக மைதானத்துக்கு வந்து, சேலையை மாற்றிக்கொண்டு இறங்குவேன்.

ஏழாம் வகுப்பிலிருந்து நான்தான் அணியில் பந்தைக் கொண்டுபோகிற கார்டு. நம் பக்கத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே போய், எதிராளிகளின் பக்கம் சேர்ந்ததும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டி, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற வேலை. கூடையில் போடுவது எனக்கு அவ்வளவாக வராது. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதும் இல்லை. போடுவதற்குத்தான் மற்ற நாலு பேர் இருக்கிறார்களே.

அந்த ஆடி மாதம் ஒரு செவிலி எங்களோடு சேர்ந்தாள். தளவாய்புரத்துக்காரி, ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. என்னைவிட ஆறு வயது இளையவள். முதல் நாளே பார்த்துவிட்டேன், அவளுக்கு இடது கை வலது கை என்ற வித்தியாசமே இல்லை. பந்தைப் பார்க்காமல் தட்டுகிறாள். இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் உடம்பைச் சாய்த்து நுழைந்துவிடுகிறாள். ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் பயிற்சியாளர் என்னிடம் வந்து அப்படிச் சொன்னார்.

அவருக்கும் என் வயதுதான். மில்லில் எலக்ட்ரீஷியன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்தில் அவர் பையன்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதால், எங்களை நிறுத்த வேண்டுமென்றால் மட்டும் விசிலுக்கு முன்பாகவே "ஆகண்டி, ஆகண்டி" என்று வந்துவிடும். எங்களுக்கும் அந்த ஒரு தெலுங்கு வார்த்தை மட்டும் நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார். நான் இனி ஷூட்டிங் கார்டு. பந்து செவிலியிடம் இருக்கும். நான் அது இல்லாமல் ஓடி, காலியான இடத்துக்கு வந்து, வாங்கி, போட வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு வைக்கும்போது அரிசியில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் ஆடியதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வலது மூலையில் போய் நின்றுகொண்டு கையைத் தூக்கி, "இங்க, இங்க" என்று கத்துவேன். பந்து வந்தால் காலைச் சரிசெய்து, பிடியைச் சரிசெய்து, நான் தயாராவதற்குள் ஒருத்தி முன்னால் வந்து நின்றிருப்பாள். போட்டாலும் ரிங்கின் வலது ஓரத்தில் பட்டு வெளியே போகும். பள்ளிக்கூட மாணவிகளோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். அதில் நான் போட்டது ஒன்றுகூட விழவில்லை. நடுவில் செவிலி என் பக்கத்தில் வந்து, "அக்கா, நீங்க நின்னுக்கிட்டே பந்து கேக்கிறிய. வந்து கேளுங்க" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் மைதானத்துக்குப் போகவில்லை. நகல் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன என்று பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பினேன். பொய் என்று சொல்ல முடியாது, அவை எப்போதும் குவிந்துதான் கிடக்கும். மாலையில் நான் சீக்கிரம் வருவதைப் பார்த்து, என் கணவர் ஷூவை வெயிலில் காயவைத்து எடுத்து உள்ளே வைத்தார். அவ்வளவுதான்.

பதினோராம் நாள் மதியம் செவிலி நீதிமன்றத்துக்கே வந்துவிட்டாள். ஏதோ சான்றிதழில் பெயர் திருத்த வேண்டும் என்று தாலுகா அலுவலகத்துக்கு வந்தவள், அங்கே அதிகாரி சாப்பிடப் போய்விட்டதால் என்னைத் தேடி வந்திருந்தாள். யூனிஃபார்மைப் பையில் சுருட்டி வைத்திருந்தாள், சாயங்காலம் டூட்டி. வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து என் டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தைப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. மருத்துவமனை, அவள் அம்மாவின் முட்டிவலி, சர்ச்சில் நடக்கும் கூரை வேலை என்று எதையெதையோ பேசினாள். கையைக் கழுவிவிட்டு வந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க இல்லாம ரெண்டு ஆட்டம் ஆடுனோம். நீங்க இருந்தப்பவும் இப்படித்தான். நான் பந்த எடுத்துட்டு உள்ள போனா மூணு பேரு வந்து நிக்காவ. உங்களக் காக்காம விட்டுட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க ரெண்டு போட்டாத்தான் எனக்கு வழி கெடைக்கும்."

யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. பந்தைக் கொடுத்துவிட்டதோடு என் வேலை முடிந்துவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் ஒழுங்காக நின்றால், ஓடினால், போட்டால்தான் அவளால் ஆட முடியும் என்று அவள் சொன்னபோது, எனக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்று முதல் தடவையாகப் புரிந்தது. "சரிட்டி, நாளைக்கு வாரேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, பெயர் திருத்தத்துக்கு ஓடினாள்.

முதலில் போடுவதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மாலையில் எல்லோரும் இருக்கும்போது அது நடக்காது. அதனால் காலை ஐந்தரைக்குப் போக ஆரம்பித்தேன். இரவு ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் கணவர் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ரிங்குக்கு அடியில் நின்று பந்தை எடுத்துப் போடுவார். நூல்மில்லில் ஃபிட்டர் அவர். கூடைப்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, விசில் அடித்தால் ஏன் அடித்தார்கள் என்று இன்றைக்கும் கேட்பார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே திருப்பித் தராமல் நின்றார்.

"நீ போடுற பந்து நேரா சுத்தல" என்றார். "சைடுல சுத்துது. எல்லாப் பந்தும் அப்படித்தான் வருது."

நாளெல்லாம் மில்லில் சுற்றுகிற நூற்புக் கதிர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண் அது. ஒரு கதிர் மயிரிழை ஆடினாலும் நூல் அறும் என்று சொல்வார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கைப்பேசியில் பக்கவாட்டிலும் எதிரிலுமாகப் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். பந்து கையை விட்டுப் போகிற நொடியில் என் இடது கட்டைவிரல் அதை ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் பந்து கைக்குப் பெரிதாக இருந்தபோது இரண்டு கையாலும் எறிந்து பழகியது. பந்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் இடது கையின் வேலை. வலது கை எறிகிறபோது அது சும்மா இருக்க வேண்டும். என்னுடைய இடது கை அந்தக் காலத்திலிருந்தே சும்மா இருக்கவே இல்லை. பந்து ஏன் எப்போதும் ஒரே ஓரத்தில் பட்டு வெளியே போகிறது என்பதற்கு அதுதான் காரணம்.

அந்தப் படத்தைச் செவிலியிடம் காட்டினேன். அவள் தன் பையைத் திறந்து மருத்துவமனை பிளாஸ்திரியை எடுத்து, என் இடது கட்டைவிரலை ஆட்காட்டி விரலோடு சேர்த்து ஒட்டிவிட்டாள். அவளுக்கும் கல்லூரியில் இப்படித்தான் ஒட்டினார்களாம். பயிற்சியாளர் பார்த்துவிட்டு, அது போதாது, முதலில் ஒரு கையாலேயே போடுங்கள் என்றார். ரிங்கிலிருந்து இரண்டே எட்டு. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். பந்து உள்ளங்கையில் படாமல் விரல்களில் உட்கார வேண்டும். முழங்கை வெளியே விரியாமல் பந்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி எழும்பும்போதே கையும் எழ வேண்டும், போட்ட பிறகு மணிக்கட்டு ரிங்கைப் பார்த்துக் கவிழ்ந்தபடி அப்படியே நிற்க வேண்டும். பந்து விழுந்ததா இல்லையா என்று பார்த்து முடிக்கிற வரைக்கும் கையை இறக்கக் கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இது. நான் புரட்டாசி முழுவதும் அதைத்தான் செய்தேன். பக்கத்தில் மற்றவர்கள் தூரத்திலிருந்து போட்டு விளையாடிக்கொண்டிருக்க, நான் ரிங்குக்கு அடியில் ஒற்றைக் கையோடு நின்றேன். வெட்கமாக இருந்தது. முதல் வாரம் தோளும் முன்கையும் வலித்து, அலுவலகத்தில் தட்டச்சு செய்யும்போது விரல் நடுங்கியது. பிளாஸ்திரியைக் கழற்ற மறந்து போய்விட்ட ஒரு நாள், நகல் வாங்க வந்த பெரியவர் ஒருவர் விரலில் என்ன அடி என்று அக்கறையாக விசாரித்தார். கதவு நசுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். கூடைப்பந்தில் கட்டைவிரல் குறுக்கே வருகிறது என்று அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

இன்னொரு நாள் ஜன்னல் பக்கம் நின்று கோப்பு வருவதற்காகக் காத்திருந்தபோது, என்னை அறியாமல் கையைத் தூக்கி மணிக்கட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எதிரில் இருந்த வக்கீல் குமாஸ்தா, தன்னைத்தான் போ என்று சைகை காட்டுகிறேன் என்று நினைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னால் ஓடிப்போய்ச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவரும் மணிக்கட்டைக் கவிழ்ப்பார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் காயாத நாட்களில் வீட்டில் கட்டிலில் மல்லாந்து படுத்து, பந்தை நேர் மேலே போட்டுப் பிடிப்பேன். நேராகச் சுற்றினால் திரும்பக் கைக்கே வரும். கோணலானால் மூக்கில் விழும். மழை விட்டு மறுபடி மைதானத்துக்குப் போன காலையில், இடது கையையும் சேர்த்துக்கொண்டு பத்தடியிலிருந்து போட்டேன். ரிங்கில் படாமல் வலைக்குள் இறங்கியது. கணவர் பந்தை எடுத்து, அதன் கோடுகளைப் பார்த்து, "நேராத்தான் சுத்துது" என்று எனக்கு வீசினார். மில்லில் ஒரு இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டுச் சொல்வது போலச் சொன்னார். அன்று முழுக்க எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதைவிடக் கஷ்டம் பந்து இல்லாமல் ஓடுவது. கார்த்திகையில் செவிலியும் நானும் அதில் இறங்கினோம். தையல்காரி எதிராளியாக என்னைக் காவல் காப்பாள், பயிற்சியாளர் ஓரத்தில் நிற்பார். நான் எப்போதும் பந்து வேண்டும் என்று நினைத்த உடனே பந்தை நோக்கி ஓடினேன். என்னைக் காக்கிறவளும் கூடவே ஓடிவந்தாள். முதலில் எதிர்த்திசையில் நடக்கச் சொன்னார்கள். வேலை இல்லாதவள் மாதிரி ரிங்கை நோக்கி ரெண்டு எட்டு நடக்க வேண்டும். அவளும் அசட்டையாக என்னோடு இறங்கி வந்ததும் சட்டென்று காலை ஊன்றி வெளியே வர வேண்டும்.

"அவ காலப் பாக்காதீங்க, தலையப் பாருங்க" என்றாள் செவிலி. "பந்து எங்கன்னு தெரிஞ்சுக்க ஒரு நேரம் தலையத் திருப்பித்தான் ஆகணும். திருப்புன உடனே போயிருங்க."

தலையைப் பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்கு ஆட்டமே வேறாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே பந்தைக் கையில் வைத்திருந்ததால் எல்லோரும் என்னையே பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் பார்த்ததே கிடையாது. ஒரு தோழி தூண் மாதிரி அசையாமல் நின்று, என்னைக் காக்கிறவளை மறித்து ஸ்கிரீன் போட்டால், அவள் தோளை என் தோள் உரசிக்கொண்டு போக வேண்டும். இடையில் ஒரு சாண் விட்டால்கூடக் காக்கிறவள் அதில் நுழைந்துவிடுவாள். வெளியே வரும்போதே முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கைகள் தயாராக இருக்க வேண்டும். பந்து கைக்கு வந்த பிறகு செய்வதற்கு, எறிவதைத் தவிர வேறு வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டேன். பஸ் நுழைந்ததும் கூட்டம் மொத்தமும் அதை நோக்கி ஓடும். நான் ஓடுவதில்லை. டிரைவர் எங்கே ஒடித்து நிறுத்துவார் என்று பார்த்து, எதிர்ப்பக்கமாக நாலு எட்டு நடந்து நிற்பேன், பின்கதவு என் முன்னால் வந்து நிற்கும். எத்தனையோ வருடமாகச் செய்கிறேன். மைதானத்தில் மட்டும் தோன்றவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நாலு அணிகளுக்கு ஒருநாள் போட்டி. எங்களுக்கு முதல் ஆட்டம் கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவிகளோடு. எல்லோரும் பத்தொன்பது, இருபது வயது. ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரி ஷூ. கல்லூரி பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு பேருக்கு நெற்றியில் விபூதி, ஒருத்தி முட்டியில் வலிக்குப் போடும் எலாஸ்டிக் பட்டை. அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் முதல் பந்து ரிங்கின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. ஆனால் இரண்டும் நேராகப் போயிருந்தன, தூரம்தான் குறைவு. கால் வேலை செய்யவில்லை என்று எனக்கே தெரிந்தது. முன்பெல்லாம் தவறினால் ஏன் தவறியது என்று தெரியாது, அதனால் அடுத்ததைப் போடவே கை வராது. இப்போது தெரிந்தது. மூன்றாவது தடவை ரிங் பக்கம் நடந்து போய், என்னைக் காத்த பெண் செவிலியின் பக்கம் தலையைத் திருப்பிய நேரத்தில் வெளியே வந்தேன். செவிலி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், நான் திரும்பும்போது பந்து வந்துவிட்டது. மடங்கியிருந்த முழங்காலோடு எழும்பிப் போட்டேன். விழுந்தது. அரைமணி நேரத்துக்குள் இன்னும் நான்கு விழுந்தன. அதற்குப் பிறகு அந்தப் பெண் என்னை விட்டு அசையவில்லை. என் நிழல் போல ஒட்டிக்கொண்டாள். அவள் மூச்சுச் சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவர்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். நேரம் முடியப்போகிறது. பயிற்சியாளர் அருகில் கூப்பிட்டு, நான் போட வேண்டும் என்று சொன்னார். கோட்டோரமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடி, இரண்டு ஸ்கிரீனை உரசி, வெளியே வர வேண்டும். ஓடினேன். முதல் ஸ்கிரீனைத் தாண்டியபோது என்னைக் காத்தவள் பின்தங்கினாள். இரண்டாவதைத் தாண்டும்போது, நடுவில் நின்றிருந்த உயரமான பெண் நான் தனியாகப் போவதைப் பார்த்து, தன் இடத்தை விட்டு என்னை நோக்கிக் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். பந்து வரப்போகிறது என்று நானும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ரிங்குக்கு முன்னால் ஒருவருமே இல்லை. செவிலி காலியான அந்த வழியில் இரண்டே எட்டில் போய், போர்டில் தட்டிப் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம். பந்து என் கைக்கு வரவேயில்லை, ஆனால் என் தொண்டை கத்திக் கத்திக் கம்மிப் போயிற்று. செவிலி ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள். "பாத்தியளா, பாத்தியளா" என்று அதையே சொன்னாள்.

என்னைக் காத்த கல்லூரிப் பெண் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "பந்து இல்லாம எதுக்குக்கா இம்புட்டு ஓடுறீங்க? உங்க பின்னால ஓடியே என் காலு போச்சு" என்றாள். நான் போன ஆடி வரைக்கும் ஓடியதே இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

மதியத்துக்குப் பிறகு மதுரையிலிருந்து வந்த அணியோடு இறுதி ஆட்டம். அதில் நன்றாகத் தோற்றோம். எங்கள் கால்கள் காலையிலேயே முடிந்துபோயிருந்தன. எங்களவர்கள் ஸ்கிரீன் போடுவதற்கு முன்பே நான் எங்கே ஓடப்போகிறேன் என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். எனக்கு இரண்டே இரண்டுதான் விழுந்தது. அவர்களுடைய ஷூட்டிங் கார்டு என்னைவிடப் பெரியவள், நாற்பது இருக்கும். ஓடுவது போலவே தெரியாது, ஆனால் எப்போதும் காலியான இடத்தில் நின்றாள். ஆட்டத்தின் பாதியில் நான் அவளைக் காப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்ததற்குப் பயிற்சியாளரிடம் திட்டு வாங்கினேன். திட்டிவிட்டு அவரும் நின்று பார்த்தார்.

இரண்டாம் பரிசாகச் சின்னக் கோப்பை ஒன்றும் ஆளுக்கொரு பால்கோவாப் பொட்டலமும் கொடுத்தார்கள். பஸ் நிலையத்தில் தென்காசி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஆறு பேர் ஏறினோம், பின்னால் நீளமான சீட்டு முழுவதும் எங்களுக்கே கிடைத்தது. தையல்காரி பொட்டலத்தைப் பிரித்து, வீட்டுக்குக் கொண்டுபோனால் தனக்கு மிஞ்சாது என்று அங்கேயே தின்ன ஆரம்பித்தாள். ஆசிரியைகள் அடுத்த நாள் இறைவணக்கக் கூட்டத்துக்கு யார் சீக்கிரம் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செவிலி என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். காலையிலேயே டூட்டி முடித்து நேராக வந்தவள். மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன. அவள் எழுந்துவிடுவாளே என்று காலை நீட்டாமல் அப்படியே உட்கார்ந்து வந்தேன். ராஜபாளையம் வந்து நடத்துனர் குரல் கொடுத்ததும் அவளைத் தட்டி எழுப்பி, தளவாய்புரம் பஸ் நிற்கிற இடம் வரை கூடப் போனேன். செவ்வாய்க்கிழமை காலையில் மைதானத்துக்கு வரட்டுமா என்று கேட்டாள். புதன்கிழமை வா, செவ்வாய்க்கிழமை என்னால் நடக்க முடிகிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லி ஏற்றிவிட்டேன்.